லைட்டைப் போடு, விளக்கை ஏத்து!

ஒரு சின்னப் பரீட்சை. பேனா, பேப்பர் எதுவும் வேண்டாம்.

சாயங்காலம் ஆறரை மணி. உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுக்கிறார்: 'விளக்கை ஏத்து.' நீங்கள் எங்கே போவீர்கள்? சாமி மாடத்துக்கு. அடுத்த நிமிஷம் அதே அம்மா, அதே குரல்: 'லைட்டைப் போடு.' இப்போது எங்கே போவீர்கள்? சுவிட்சுக்கு. சாமி மாடம் இல்லாத வீட்டுக்காரர்கள் மன்னிக்க. நீங்களும் மெழுகுவர்த்தியை 'லைட்' என்று சொல்வதில்லை, உண்டா?

டிக்‌ஷனரியைப் புரட்டினால் லைட் என்ற சொல்லுக்கு எதிரே 'விளக்கு' என்று போட்டிருப்பான். அப்படியென்றால் 'லைட்டை ஏத்து' என்று சொல்ல வேண்டியதுதானே? வாய் வராது. 'விளக்கைப் போடு' என்று சொல்லிப் பாருங்கள். மேடை நாடகத்து வசனம் மாதிரி இருக்கும். இரண்டும் ஒன்று என்கிறது அகராதி. இல்லவே இல்லை என்கிறது வீடு.

எது சரி?

வீடுதான் சரி என்று எனக்கு உறைத்தது ஜலகண்டாபுரத்தில். சேலத்திலிருந்து மேற்கே, தாரமங்கலம் தாண்டிப் போனால் வரும் ஊர். ப. கண்ணன் என்ற திராவிட இயக்க நாடக ஆசிரியர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு புகழ் பெற்றது. ஊருக்குள் நுழைந்தால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் வேலை. தறிச் சத்தம். பஸ் ஸ்டாண்டில் நின்று நண்பனோடு பேச வேண்டுமென்றால்கூடக் குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கும்.

2012-ல் ஒரு நண்பனின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக அங்கே போயிருந்தேன். அந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதல்லவா? சென்னைக்கு வெளியே தமிழ்நாடு இருட்டில் கிடந்த வருஷம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், அதற்கும் மேலே கரண்ட் கட். சாயங்காலம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. காபி டம்ளரைக் கையில் வாங்கினேன். சொல்லிவைத்த மாதிரி ஊரே நின்றது. அந்த அமைதி இருக்கிறதே, அது சத்தத்தைவிடப் பயங்கரம்.

அந்த இருட்டில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த இரண்டு வார்த்தைகளின் ஜாதகத்தைப் பார்த்துவிடலாம்.

விளக்கு நம்முடைய சொத்து. 'விளங்கு' என்றால் தெளிவாகத் தெரி, ஒளிவிடு. 'விளக்கு' என்றால் தெளிவாகத் தெரியும்படி செய். இருட்டை விளக்கினால் அது விளக்கு. சந்தேகத்தை விளக்கினால் விளக்கம். பாத்திரத்தைச் சாம்பல் போட்டு விளக்கினால் பளபளப்பு. பல் விளக்குவதும் இந்தக் குடும்பம்தான். விளக்குமாறும் இந்தக் குடும்பம்தான்! குப்பையை விளக்கித் தரையைத் தெரியவைக்கிற மாறு. குத்துவிளக்கும் விளக்குமாறும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்தால் எத்தனை மாமியார்கள் அதிர்ச்சியாவார்களோ!

கவனித்தீர்களா? இந்தக் குடும்பத்தில் எல்லாமே வேலை செய்கிற சொற்கள். யாரோ ஒருவர் குனிந்து, தேய்த்து, துடைத்து, ஊற்றிச் செய்தால்தான் விளங்கும். விளக்கும் அப்படித்தான். திரி திரிக்க வேண்டும். எண்ணெய் விட வேண்டும். காற்று வந்தால் கையால் மறைக்க வேண்டும். கரி பிடித்தால் துடைக்க வேண்டும். ஒரு கைக்குழந்தைக்கு ஆகிற பராமரிப்பு.

அதனால்தான் அதற்கு அவ்வளவு மரியாதை. 'விளக்கை அணை' என்று எங்கள் பாட்டி காதில் விழும்படி சொன்னால் வாயிலேயே போடுவாள். 'அமர்த்து' என்று சொல்ல வேண்டும். 'குளிர வை' என்று சொல்ல வேண்டும். தானாக நின்றால் 'மலையேறிருச்சு' என்று சொல்ல வேண்டும். வாயால் ஊதக் கூடாது. லைட்டுக்கு இந்த மரியாதை எதுவும் கிடையாது. ஆஃப் பண்ணு, நிறுத்து, அணைச்சுத் தொலை! பாட்டி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். சொல்லப்போனால் கரண்ட் பில் ஏறுகிறது என்று அணைக்கச் சொல்வதே அவள்தான்.

சரி, லைட்டுக்கு வருவோம்.

இங்கிலீஷ்காரனுக்கு லைட் ரொம்பப் பழைய சொல். லத்தீன் மொழியில் 'லுக்ஸ்' என்பார்களே, அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். அவனுக்குச் சூரியனிடமிருந்து வருவதும் லைட், நிலாவிலிருந்து வருவதும் லைட், மேஜைமேல் இருக்கிற பொருளும் லைட், சிகரெட் பற்றவைக்க அடுத்தவனிடம் கேட்கிற நெருப்பும் லைட். அண்டா மாதிரி பெரிய வார்த்தை. நாம் அதிலிருந்து ஒரே ஒரு டம்ளர் மொண்டுகொண்டோம். தமிழில் 'சூரிய லைட்' உண்டா? 'நிலா லைட்'? கிடையாது. அதற்கு வெயில் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. 'லைட் வெளிச்சத்துல படிச்சேன்' என்கிறோம். இதை ஒரு வெள்ளைக்காரனுக்கு மொழிபெயர்த்தால் 'வெளிச்ச வெளிச்சத்தில் படித்தேன்' என்று புரிந்துகொண்டு முழிப்பான். நமக்கு முழிப்பு எதுவும் இல்லை. லைட் என்பது பொருள். வெளிச்சம் என்பது அதிலிருந்து வருவது.

இன்னொரு கூத்து. இங்கிலீஷில் இரண்டு லைட் உண்டு. கனமில்லாதது என்கிற லைட் வேறு வேரிலிருந்து வந்தது. நுரையீரலுக்கு இங்கிலீஷில் 'லங்' என்று பெயர் வந்ததே அது உடம்பில் கனமில்லாத உறுப்பு என்பதால்தான். அந்த லைட்டுக்கு உறவு அது. நாம் இதையும் விடவில்லை. லைட் கலர், லைட் மியூசிக், 'டீ லைட்டா போடுங்க மாஸ்டர்', 'லைட்டா தலை வலிக்குது'. இந்த 'லைட்டா' இப்போது இங்கிலீஷ்காரனுக்கே சொந்தமில்லை. 'கொஞ்சம்' என்ற அர்த்தத்தில் அதை இப்படி இழுத்தடிப்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பு.

போதும். நமக்கு வேண்டியது எரிகிற லைட். அது எப்போது நம் வாய்க்குள் வந்தது?

வெள்ளைக்காரன் வந்ததும் வந்துவிடவில்லை என்பதுதான் சுவாரசியம். கப்பலில் புதுப்புது விளக்குகள் வந்தன. சீமெண்ணெய் வந்தது. நல்லெண்ணெய், இலுப்பெண்ணெய், ஆமணக்கெண்ணெய் எரித்த வீடுகளில் சிம்னி ஏறியது. ஆனால் பெயரைப் பாருங்கள்... சிம்னி விளக்கு. புயல் காற்றிலும் அணையாது என்று பெருமையடித்துக்கொண்டு வந்த 'ஹரிக்கேன்' லாந்தர் நம்மிடம் அரிக்கேன் விளக்கு ஆனது. புயலையே அடைமொழியாகச் சுருக்கி முன்னால் வைத்தோம். பின்னால் நிற்பது விளக்கேதான். கண்ணாடிக்குள்ளே இருந்தாலும் திரி திரிதானே? சாயங்காலமானால் ஒருவர் உட்கார்ந்து சாம்பல் தொட்டு அந்தக் கண்ணாடியை விளக்கினால்தானே வெளிச்சம்? வேலை இருந்தவரைக்கும் பெயரும் இருந்தது.

முதலில் பெயரை உடைத்தது பெட்ரோமாக்ஸ். அதுதான் நம் ஊருக்குள் ஊர்வலமாக வந்த முதல் 'லைட்'. பெட்ரோமாக்ஸ் லைட், கேஸ் லைட். தலைச்சுமையாக வரும். கல்யாண ஊர்வலத்தில், தேர்த் திருவிழாவில், சேலம், நாமக்கல் பக்கத்துத் தெருக்கூத்தில். விடிய விடிய நடக்கிற கூத்துக்கு முன்பெல்லாம் தீப்பந்தம். பிறகு இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ் தொங்கியது. நடுராத்திரியில் வெளிச்சம் மங்கும். ஒருவர் வந்து பம்ப் அடிப்பார். துரியோதனன் அதுவரை பொறுமையாகக் காத்திருப்பான்.

பெட்ரோமாக்ஸ் ஜெர்மன் சரக்கு. பெர்லினில் இருந்த ஒரு கம்பெனியின் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவர் பெயரின் பாதியும் பெட்ரோலியத்தின் பாதியும் சேர்ந்தது. ஆனால் அதன் உயிர் ஜெர்மனியில் இல்லை. கவுண்டமணி காமெடியால் தமிழ்நாட்டுக்கே மனப்பாடமான அந்த மேண்டில் இருக்கிறதே, அந்த வலைப் பை, அதுதான் உயிர். அதைக் கண்டுபிடித்தவர் கார்ல் ஆவர் என்ற ஆஸ்திரியா விஞ்ஞானி. 1885-ல் காப்புரிமை வாங்கினார். பிறகு சூத்திரத்தைத் திருத்தி, தோரியம் 99 பங்கு, சீரியம் 1 பங்கு என்று நிறுத்தினார். சூடுபட்டால் வெள்ளை வெளேரென்று ஜொலிக்கும்.

தோரியத்துக்கு எங்கே போவது? 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் ரசாயன நிபுணர், இந்தியாவிலிருந்து போன தேங்காய் நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். மோனசைட்! தோரியம் உள்ள கனிமம். மணல் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு வந்து இறங்கிய இடம் மணவாளக்குறிச்சி. அப்போது திருவிதாங்கூர், இப்போது நம் கன்னியாகுமரி மாவட்டம். அங்கே ஆலை போட்டார்கள். நம் கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு போய், பையாகச் செய்து, வெளிநாட்டு லைட் என்று நம் தலையிலேயே வைத்தார்கள். பி.காம். படிக்கும்போது ஏற்றுமதி, இறக்குமதி பாடத்தில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் தூங்காமல் கேட்டிருப்பேன்.

பெட்ரோமாக்ஸுக்கு மட்டும் ஏன் லைட் பட்டம்? என் அனுமானம் இது. அது வீட்டுச் சாமான் இல்லை. வாடகைக்கு வரும், ஆளோடு வரும், காலையில் போய்விடும். அதைப் பார்த்துக்கொள்கிற வேலை நம்முடையது இல்லை. மரியாதையும் தேவையில்லை. சொல் வெளியாளாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தமிழ் விட்டுவிட்டது.

அந்த வெளியாள் வீட்டுக்குள் குடிவந்தது கரண்டோடு.

கல்கத்தாவில் 1879-லேயே மின்சார விளக்கை எரித்துக் காட்டிவிட்டார்கள். சென்னையில் 1895-ல் கரண்டில் டிராம் ஓடியது. பெங்களூருக்கு 1905-ல் தெருவிளக்கு. ஊர்ப்புறத்துத் தமிழனுக்கு இதெல்லாம் பேப்பர் செய்தி. சேலம் ஜில்லாவின் கதை மேட்டூரில் ஆரம்பிக்கிறது. 1925-ல் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21-ல் அணை திறந்தது. கவர்னர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்கு. 1937-ல் அணையடியில் மின் நிலையம்.

அந்த நீர்த்தேக்கத்துக்கு அடியில் ஊர்கள் போயின. இன்றைக்கும் நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலை தலை தூக்கும். ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தெரியும். நந்தி இருக்கும் கோயிலின் சாமி பெயர் என்ன தெரியுமா? ஜலகண்டேஸ்வரர். விளக்கு மட்டுமே ஏற்றப்பட்ட ஒரு சன்னதி தண்ணீருக்குள் போய், அந்தத் தண்ணீர் விழுந்து லைட் எரிந்தது.

யாருக்கு எரிந்தது? இங்கேதான் விஷயம். பக்கத்திலேயே மேட்டூர் கெமிக்கல்ஸ் வந்தது. துணி மில் வந்தது. கம்பிகள் கோபுரம் கோபுரமாக ஏறிச் சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் போயின. 1930-களில் ஏற்காடு ரோட்டில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில் லைட் என்பது ஓர் உத்தியோகமாகவே ஆகிவிட்டது. லைட்மேன்! ஜலகண்டாபுரத்துக்கும் மேட்டூருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நினைக்கிறீர்கள்? சுமார் இருபது கிலோமீட்டர், கொஞ்சம் கூடக்குறைய. சுற்றுவட்டாரக் கிராமங்களில் தலைக்கு மேலே கம்பி போகும், அதற்குக் கீழே அரிக்கேன் எரியும். இப்படி வருஷக்கணக்கில். 1957-ல் மின்சார வாரியம் வந்து, கிராமம் கிராமமாகக் கம்பம் நட்டு, மெதுவாகத்தான் அது கீழே இறங்கியது. அந்த வேலையில் தமிழ்நாடு அப்போது நாட்டுக்கே முன்னோடி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இறங்கி வந்த அந்தப் பொருளை யாரும் விளக்கு என்று கூப்பிடவில்லை. அரசாங்கம் கூப்பிட்டுப் பார்த்தது. மின்விளக்கு, குழல்விளக்கு, தெருவிளக்கு. ஃபைலில் இருக்கிறது. குடிசைக்கு மீட்டர் இல்லாமல் நாற்பது வாட் பல்பு ஒன்று கொடுத்தார்கள். 'ஒரு விளக்கு' என்று ஃபைலில் எழுதினார்கள். குடிசைக்குள் அது 'லைட்டு'. கலங்கரை விளக்கம் என்று சிலப்பதிகாரக் காலத்துச் சொல் கைவசம் இருந்தும் மெரினாவில் பஸ் ஏறுகிறவர் 'லைட் ஹவுஸ் ஒண்ணு' என்றுதான் டிக்கெட் கேட்கிறார். இதைத் தமிழ்ப் பற்றில்லாத்தனம் என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரி இல்லை, எண்ணெய் இல்லை, விளக்குகிற கை இல்லை. அதை எப்படி விளக்கு என்பது? மக்கள் கறாராக இருந்தார்கள். பழைய பெயரைப் பழைய பொருளுக்கே விட்டுவைத்தார்கள்.

வினைச்சொல்லையும் மாற்றினார்கள். லைட்டைப் போடு. டார்ச் லைட்டை அடி. (டார்ச் என்றாலே போதும் இங்கிலீஷ்காரனுக்கு. நமக்கு வாலாக லைட் வேண்டும்.) ஒரே ஓர் இடத்தில் மட்டும் பழசு ஒட்டிக்கொண்டது. 'லைட் எரியுது.' எங்கே எரிகிறது? குண்டு பல்பில் கம்பி சூடேறி ஒளிர்ந்தது. எல்.இ.டி.யில் அந்தக் கம்பிகூடக் கிடையாது. ஆனாலும் எரிகிறது. யாழ்ப்பாணத்தில் இன்னும் அழகு. விளக்கை 'நூர்ப்பது' போலவே லைற்றையும் நூர்ப்பார்கள். அங்கே 'ட்' இல்லை, 'ற்'.

இதில் இன்னொரு கிளைக்கதை. கரண்ட் போனால் நாம் என்ன சொல்கிறோம்? 'கரண்ட் போச்சு.' மலையாளி, தெலுங்கர், கன்னடத்துக்காரர் எல்லாரும் கரண்ட்தான். இந்திக்காரர் 'லைட் சலி கயீ' என்பார். லைட் போய்விட்டதாம். ஃபேன் நின்றாலும் லைட் போய்விட்டது. மோட்டார் நின்றாலும் லைட் போய்விட்டது. மும்பையில் மாசக் கடைசியில் வருவது லைட் பில். நமக்குக் கரண்ட் பில். வந்ததில் எது பெரிசு என்று அவரவர் நினைத்தார்களோ அதைப் பெயராக வைத்துக்கொண்டார்கள் போலும்.

ஜலகண்டாபுரம் மாதிரி ஊருக்குக் கரண்ட்தான் பெரிசு. ஆனால் லைட் செய்த வேலை அதைவிடப் பெரிசு என்று எனக்குச் சொன்னவர், அந்த 2012 சாயங்காலத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா. நண்பனின் சொந்தம். சின்ன வயசில் குழித்தறியில் நெய்தவர்.

குழித்தறி பார்த்திருக்கிறீர்களா? தரையில் குழி வெட்டி அதில் காலை விட்டு உட்கார்ந்து மிதிப்பார்கள். தறி இருக்கும் இடம் பெரும்பாலும் வீட்டின் இருட்டு மூலை. தலைக்கு மேலே ஓட்டுக்கு நடுவில் ஒரு கண்ணாடி ஓடு வைத்திருப்பார்கள். அதுதான் லைட். சூரியன் அந்த ஓட்டை விட்டு நகர்ந்தால் பாவில் இழை தெரியாது. அறுந்த இழையைப் பார்க்காமல் நாடாவை ஓட்டினால் துணியில் பழுது, கூலியில் பிடித்தம். விளக்கை வைத்துக்கொண்டு நெய்யலாமே என்றால், புகையும் கரியும் பட்டுப் பாவில் படிந்தால் யார் பதில் சொல்வது?

"லைட்டு வர்றதுக்கு முந்தி வெளக்கு வெக்கிற நேரம்னா தறிய விட்டு எந்திரிச்சிரோணும் கண்ணு. இழை தெரியாது. கூத்துக்குப் போவோம், கோயில் மண்டபத்துல உக்காந்து பேசுவோம். தீவாளிக்கு முன்னால மட்டும் பெட்ரோமாக்ஸ வாடகைக்கு எடுத்து நெய்யறது. லைட்டு வந்துச்சு... எந்திரிக்கறதுக்குக் காரணம் இல்லாமப் போயிருச்சு."

சந்தோஷமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா? முகம் தெரியவில்லை. இருட்டு.

கணக்குப் படித்தவனுக்கு இது சட்டென்று புரியும். நெசவு பீஸ் ரேட். மாசச் சம்பளம் இல்லை. நெய்த அளவுக்குக் கூலி. சூரியன் மறைவது முதலாளி போட்ட சட்டம் இல்லை, தொழிலாளி கேட்ட சலுகையும் இல்லை. ஆனாலும் அதுதான் எட்டு மணி நேர வேலைச் சட்டத்துக்கெல்லாம் முந்தைய சட்டம். யாராலும் மீற முடியாதது. தறிக்கு நேர் மேலே ஒரு நாற்பது வாட் பல்பு தொங்கியதும் அந்தச் சட்டம் செத்தது. இனி நிறுத்துவது நெசவாளியின் கையில். கையில் கடன் இருந்தால்? மகளுக்குக் கல்யாணம் இருந்தால்? எப்படி நிறுத்துவான்?

தார் சுற்றும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அந்த லைட்டில் பாடம் படித்து ஆபீசர் ஆனவர்கள் உண்டு. அதே லைட்டில் ராத்திரி பத்து மணி வரை ராட்டை சுற்றியவர்களும் உண்டு. இரண்டும் ஒரே வீட்டில்கூட நடந்தது.

பிறகு பவர்லூம். அரசாங்கத் தமிழில் விசைத்தறி. ராத்திரி ஷிப்ட் என்ற சொல் வந்தது. ராத்திரிக்கும் பகலுக்கும் வித்தியாசம், லைட் எரிகிறதா இல்லையா என்பது மட்டும்தான் என்றானது. 1987-ல் தொடங்கி மேட்டூரில் அனல் மின் நிலையமும் வந்தது. 840 மெகாவாட். 2013-ல் இன்னொரு 600. அதற்கு இடையில்தான் அந்த இருட்டு வருஷங்கள். மின் நிலையத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்த ஊரிலேயே ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் கட். தறி நின்றால் கூலி நின்றது. தாத்தா காலத்துச் சூரியன் மாதிரி இதற்கு ஓர் ஒழுங்கும் கிடையாது. கூத்துக்குப் போகவும் முடியாது. எந்த நிமிஷம் வரும் என்று தறிப்பக்கத்திலேயே காத்துக்கிடக்க வேண்டும்.

விசைத்தறிக்கு இரண்டு மாசத்துக்கு 500 யூனிட் இலவசம் என்று 2006-ல் வந்தது. 2016-ல் 750, 2023-ல் 1,000. கைத்தறிக்கும் உண்டு. 100 யூனிட்டாக இருந்து, அதே 2016-ல் 200, 2023-ல் 300. கைத்தறியில்தான் மோட்டாரே கிடையாதே, அதற்கு எதற்கு யூனிட் என்று ஒருமுறை நண்பனிடம் அசட்டுத்தனமாகக் கேட்டேன். அவன் என்னை டியூப் லைட்டைப் பார்ப்பது மாதிரி பார்த்தான்.

"லைட்டுக்குத்தான்டா."

(டியூப் லைட் என்றதும் ஞாபகம் வருகிறது. லேட்டாகப் புரிந்துகொள்கிறவனுக்கு அந்தப் பட்டம். சோக், ஸ்டார்ட்டர் வைத்த பழைய டியூப் லைட் நாலு தரம் கண்ணடித்துவிட்டுத்தான் எரியும். இப்போதைய எல்.இ.டி. டியூப் பட்டென்று எரிந்துவிடுகிறது. என் பையனுக்கு அந்தத் திட்டு தெரியும், காரணம் தெரியாது.)

சரி, அந்தச் சாயங்காலம்.

கரண்ட் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. உள்ளே சாமி மாடத்தில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டின் ஒரே வெளிச்சம் அதுதான். தீப்பெட்டியைக் காணோம். மருமகள் தேடுகிறார், கிடைக்கவில்லை. நான் நகர வாசி. புத்திசாலித்தனமாக, "அந்த விளக்கைக் கையில எடுத்துட்டு வந்து தேடலாமே" என்றேன். ஆயா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "அது வெளக்கு சாமி" என்றார். அவ்வளவுதான். மாடத்திலிருந்து திரியில் ஒரு காகிதத்தைப் பற்றவைத்து சிம்னியை ஏற்றி, அதை எடுத்துக்கொண்டு போய்த் தீப்பெட்டியைத் தேடினார்கள்.

தீப்பெட்டி கிடைப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தெரு முழுக்க 'ஓ'வென்று ஒரு சத்தம். தறிக்கூடத்து டியூப் லைட் கண்ணடித்து எரிந்தது. திண்ணையில் இருந்த தாத்தா எழுந்து உள்ளே வந்தார். டியூப் லைட்டை அண்ணாந்து பார்த்து, இரண்டு கையையும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் சாயங்காலம் லைட் போட்டதும் இப்படிக் கும்பிட்டுப் பார்த்திருப்பீர்கள்.

"தாத்தா, அது லைட்டுதானே?" என்றேன்.

"லைட்டுதான்" என்றார். கும்பிட்ட கை அப்படியே தறி சுவிட்சுக்குப் போனது.